முதுகில் ஒட்டியது

மணி இரண்டே முக்கால். ராத்திரி இல்லை, பட்டப்பகல். ஏய், சிரிக்காதே… பேய்க்கு இருட்டுதான் வேண்டும் என்று உனக்கு யார் சொன்னது? கதவுப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்ந்து வந்துவிடுங்கள். உங்கள் நல்லதுக்குத்தான்.

என்கூட வேலை பார்ப்பவனின் அக்கா புருஷனுக்கு நடந்தது இது. லிஃப்ட் மெக்கானிக். பொய் சொல்லத் தெரியாத மனிதர். சொன்னால் காது சிவந்துவிடும். ஊரெல்லாம் காய்ச்சல் பரவி, தெருவில் ஈ காக்கை இல்லாத நாட்கள். மேம்பாலத்தின் கீழே போகும் சாலையில் அவருடைய பைக் ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. லிஃப்டில் மாட்டிக்கொண்ட இரண்டு பேரை வெளியே எடுத்துவிட்டு, வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். வீட்டில் மனைவி தனியாக இருந்தாள்.

மனைவிக்கு முதுகெலும்பில் புற்றுநோய். ஆறு மாதமாக வலி… அது சாதாரண வலியா? தலையணையைக் கடித்துக்கொண்டு, "என்னைக் கொன்னுடுங்களேன்" என்று கெஞ்ச வைக்கிற வலி. ஆஸ்பத்திரியில் அதற்கு ஒரு பேட்ச் கொடுத்திருந்தார்கள். தோலில் ஒட்டுகிற சின்னச் சதுரம். மூன்று நாளைக்கு ஒன்று. அவர்தான் அவள் முதுகில் ஒட்டிவிடுவார். மறக்காமல் இருக்க, அதன் மேலேயே மார்க்கரால் கிழமையும் மணியும் எழுதிவைப்பார். லிஃப்டில் சர்வீஸ் தேதி எழுதி எழுதி வந்த பழக்கம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவளுக்கும் காய்ச்சல் கண்டது. பக்கத்து கிளினிக் டாக்டர் போனில்தான் பேசினார். வைரஸுக்கு மாத்திரை, காலையும் ராத்திரியும், ஐந்து நாள். "வேற மாத்திரை ஏதாவது சாப்பிடறாங்களா?" என்று அவசரமாகக் கேட்டார். இவர் மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தார். காலி.

"ஒண்ணும் இல்லைங்க சார்."

காது சிவக்கவில்லை. ஏனென்றால் அது பொய்யில்லை. அந்த வீட்டில் வாயில் போடுவதற்குத்தான் மருந்து என்று பேர். முதுகில் ஒட்டியது வெறும் பிளாஸ்டர்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவள் அசந்து தூங்கினாள். முனகல் இல்லை. தொண்டையில் மெல்லிய குறட்டை மட்டும். ஆறு மாதத்தில் முதல் தடவை! மனிதர் அறை வாசலில் நின்று சந்தோஷத்தில் அழுதே விட்டார். அந்தத் தைரியத்தில்தான் அவளை விட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.

இப்போது கேளுங்கள்… வேலை முடிந்து திரும்பும் வழியில், பாலத்தடி பஸ் ஸ்டாப்பில் ஒரு பெண். ஆஸ்பத்திரி அங்கி. சாலைக்கு முதுகைக் காட்டி நின்றாள். அங்கியின் நாடா அவிழ்ந்து, நடுமுதுகில் ஒரு வெள்ளைச் சதுரம் தெரிந்தது. பாவம், நோயாளி போலிருக்கிறது என்று நினைத்தார். ஆனால் காய்ச்சல் ஒட்டிக்கொள்ளுமே என்ற பயம். நிறுத்தவில்லை.

நிறுத்தவில்லை… ஆனாலும் பைக்கின் பின்பக்கம் அமுங்கியது. 'கிரீச்' என்று ஸ்பிரிங் சத்தம். ஏறுகிற பாரமும் இறங்குகிற பாரமும்தான் அவர் பிழைப்பு, அவருக்குத் தெரியாதா? பின்னால் ஆள் உட்கார்ந்தாகிவிட்டது.

கண்ணாடியில் வெறும் சாலை. மூக்கில் ஸ்பிரிட் வாடை, அதோடு பல நாள் படுக்கையின் வேர்வை வாடை. பிடரியில் ஒரு மூச்சு… சில்லென்று. அப்புறம் ஒன்றுமில்லை. ஒரு விளக்குக் கம்பம் போனது. இரண்டு. மூன்று. நான்கு… மறுபடி ஒரு மூச்சு. கூடவே, தொண்டையில் மெல்லிய குறட்டை.

அந்தக் குறட்டை அவருக்குத் தெரியும். வாசலில் நின்று கேட்டுவிட்டு வந்ததுதான்.

இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் ஈரமான உள்ளங்கை ஒன்று அழுந்தியது. காதோரம் ஒரு குரல்.

"ஒட்டினதைச் சொல்லலியே…"

வீட்டு வாசலில் பைக்கின் பின்பக்கம் மெல்ல மேலே எழும்பியது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டியைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடினார்.

மனைவி, அவர் விட்டுப்போன மாதிரியே கிடந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு… இல்லை. இன்னும் இல்லை. பிறகு, கர்ர்… வந்தது. கூப்பிட்டார். உலுக்கினார். கன்னத்தில் தட்டினார். ம்ஹூம். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டு, "முதுகுல வலிக்குப் பேட்ச் இருக்கு… வைரஸ் மாத்திரையும் குடுத்தேன்… ஐயோ, என் கையாலயே குடுத்தேனே!" என்று கதறினார்.

"முதல்ல அந்தப் பேட்சை உரிங்க, சீக்கிரம்!" என்றார்கள்.

புரட்டினார். பேட்ச் இல்லை. ஒட்டியிருந்த இடத்தில் வெளிறிய சதுரம் மட்டும். போர்வையில் இல்லை, கட்டிலுக்கு அடியிலும் இல்லை. அவளாக உரித்திருக்கவும் முடியாது. எழுந்து உட்காரவே அவளுக்கு ஆள் வேண்டும்.

ஆஸ்பத்திரியில் அந்த வலி மருந்தை முறிக்கிற ஊசி போட்டார்கள். இரண்டு நிமிடம்… அந்த இரண்டு நிமிடத்தில் மனிதர் செத்துப் பிழைத்தார். திடுக்கென்று அவள் மூச்சை இழுத்தாள். "அம்மா… வலிக்குதே!" என்று அலறினாள். அந்த அலறலைக் கேட்டு அவர் தரையில் உட்கார்ந்து தேம்பினார்.

டாக்டர் சொன்னார்: "வலி மருந்தைக் கழிச்சு வெளியேத்தறது ஈரல். இந்த வைரஸ் மாத்திரை அதை நடக்க விடாது. ஒட்டினது உள்ள இறங்கிக்கிட்டே இருக்கும், ரத்தத்துல ஏறிக்கிட்டே போகும், மூச்சு அடங்கிடும். நல்லவேளை, முன்னாடியே உரிச்சுட்டீங்க. இல்லேன்னா இங்க வர்ற வரைக்கும் தாங்கியிருக்க மாட்டாங்க."

"நான் உரிக்கல சார்."

"அப்ப யாரு?"

பின்னால் நின்ற நர்ஸ், "அண்ணே, அசையாதீங்க" என்றாள். கையுறையை மாட்டிக்கொண்டு, அவர் சட்டை முதுகிலிருந்து எதையோ மெதுவாக உரித்தாள். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், அவர் கை எட்டாத இடம். மனைவியைத் தூக்கும்போது ஒட்டியிருக்கும் என்று யாரும் சமாதானம் சொல்லாதீர்கள். தூக்கியவர்கள் ஆம்புலன்ஸ் ஆட்கள். இவர் பின்னாலேயே ஓடினார், அவ்வளவுதான்.

"ஞாயிறு, காலை எட்டுன்னு எழுதியிருக்கு… யார் எழுத்துண்ணே இது?"

அவர் எழுத்துதான். உரித்த இடத்தைச் சுற்றி ஐந்து விரலின் ஈரம், சட்டையில் அப்போதும் காயாமல் இருந்தது.