தவசிக்கனியின் படபடக்காத நெஞ்சு

உங்ககிட்ட ஒரு சின்னக் கதை சொல்லணும்... இதயம் மாத்திக்கிட்டவங்களும் அவங்க வீட்டுக்காரங்களும் கூடியிருக்கிற இந்தச் சபையில சொல்லாம வேற எங்க போய்ச் சொல்றது?

திசையன்விளையில தவசிக்கனின்னு ஒரு அரிசிக்கடைக்காரர். இதய மாற்று ஆபரேஷன் முடிஞ்சு நல்லாத் தேறிட்டார். கடைக்குப் போறார், வர்றார். ஆனா மக சுகந்திகிட்ட மட்டும் முகம் கொடுத்துப் பேசறதில்ல! மகளை உசுரா நினைச்ச மனுஷன். அவ என்ன நினைப்பா? "நான் ஸ்கூட்டியில விழுந்ததுலேருந்து அப்பா இப்படித்தான் இருக்காவ. என்மேல கோவம்"னு ஒரே அழுகை.

கோவமா? இல்லீங்க... பயம்! யார்கிட்டயும் சொல்லாத பயம்.

அவரை மாதிரியே இதயம் மாத்திக்கிட்டவங்க லூர்துமேரின்னு ஒரு டெய்லரம்மா. செக்கப்புக்குப் போன இடத்துல பக்கத்துல வந்து உட்கார்ந்தாங்க. "அண்ணாச்சி, உடம்பு நல்லாருக்குன்னு டாக்டர் சொல்லியாச்சு. பொறவு ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

மனுஷன் உடைஞ்சுட்டார். "மக விழுந்துட்டான்னு சொன்னாவ. முன்னெல்லாம் அவ வரக் கொஞ்சம் லேட்டானாலே நெஞ்சு அடிச்சுக்கிடும். அன்னைக்கு... ஒண்ணுமே இல்ல. சும்மா கெடந்துச்சு. இது யாரோ பெத்த பிள்ளையோட நெஞ்சுதானம்மா? எம்மவள அதுக்கு அடையாளம் தெரியல. எந்த மூஞ்சிய வச்சுகிட்டு நான் அவகிட்ட பேச?"

லூர்துமேரி சிரிச்சாங்க. "எனக்கும் அப்படித்தான் அண்ணாச்சி! நானும் இதுக்காக அழுதிருக்கேன். நரம்ப வெட்டித்தான மாத்தி வச்சிருக்காவ? எதக் கேட்டாலும் உடனே படபடக்காது, மெதுவாத்தான் வேகம் எடுக்கும். டாக்டரே எங்கிட்ட சொன்னாரு. அது கெடக்கட்டும்... மக விழுந்துட்டான்னதும் நீங்க என்ன செஞ்சிய?"

"என்ன செஞ்சேன்... கடையத் தெறந்தபடி போட்டுட்டு, செருப்புகூட இல்லாம ரோட்டுல ஓடினேன்."

"அப்ப... ஓடினது யாரு அண்ணாச்சி? சுகந்தியோட அப்பாதான?"

அவ்வளவுதாங்க. மனுஷன் கண்ணைத் துடைச்சுக்கிட்டு அங்கேருந்தே மகளுக்குப் போன் போட்டார். "சாப்பிட்டியாம்மா?"ன்னார். அவளும் "நீங்க சாப்பிட்டியளாப்பா?"ன்னு கேட்டா.

அன்பானவங்களே... இதயத்தை டாக்டர் மாத்தி வைப்பார். மாத்திரையை ஆஸ்பத்திரி கொடுக்கும். உள்ள உட்கார்ந்திருக்கிற பயத்தை யார் கேட்பா? அதே வலியைப் பட்டவங்க கேட்கணும். வீட்ல இருக்கறவங்களே, நீங்களும் "மாத்திரை போட்டாச்சா?"ங்கறதோட நிறுத்திடாதீங்க. "என்ன யோசனை?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. கேட்டுட்டு எழுந்து போயிடாதீங்க... பதில் வர்ற வரைக்கும் பக்கத்துலயே இருங்க.