இடது காலுக்கு வேலையில்லாத வண்டி

மந்தைவெளியில் அடையாறு பஸ் நகரவே இல்லை. முன்சீட்டில் இரண்டு பெண்கள். மடியில் கூடை வைத்திருந்தவள் திடீரென்று சொன்னாள்:

"எங்க வூட்டுக்காரருக்கு எடது காலு வேணாம்னுட்டாங்கக்கா."

மூத்தவள் பதறிப்போனாள். "ஐயய்யோ, எந்த ஆஸ்பத்திரில?"

"ஆஸ்பத்திரி இல்லக்கா, வேலைக்கு. லாரிலேர்ந்து வுழுந்து அந்தக் கால மடக்க முடியாம போச்சா, யாரும் டிரைவரா வெச்சிக்கல. இப்ப ஒரு மொதலாளி ஏலத்துல வெளிநாட்டு ஜீப்பு எடுத்துக்கீறாரு. கிளச்சே இல்ல, கியரு தானா மாறிக்குது. வலது காலு போதும்னு இவர டிரைவரா வெச்சிக்கினாரு."

"நல்லதாப் போச்சு."

"அந்தக் கியருக்குன்னு செவப்பா ஒரு எண்ணெ கீது. இஞ்சின் ஓடிக்கினு கீறப்பவே அளவு பாக்கணும். நிறுத்திட்டுப் பாத்தா தப்பா காட்டும். இவருதான் டெய்லி பாக்கறாரு. நேத்து மொதலாளியம்மா, 'கிளச்சுதான் இல்லியே, நானே ஓட்டக் கத்துக்கட்டுமா'ன்னாங்களாம். இவரு, 'ஓட்டறது சுளுவும்மா, எண்ணெ பாக்கறதுதான் யாராலயும் ஆவாது'ன்னுட்டாரு."

"அவ்ளோ கஷ்டமா?"

"இன்னா கஷ்டம்? நானே பாத்துக்கீறேன். அளவு பாக்கற கம்பிய உருவித் தொடைக்கணும், திருப்பி உள்ள வுட்டு எடுத்து, எண்ணெ எதுவரைக்கும் ஒட்டிக்கீதுன்னு பாக்கணும். அவ்ளோதான்."

இருவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். பிறகு கூடைக்காரி மூத்தவளின் காதோரம் குனிந்து, பின்படியில் நின்ற கண்டக்டருக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்:

"யாராண்டயும் சொல்லிடாதக்கா."