குருவியா நங்கூரமா

ஹலோ… ஹலோ, அத்தானா? நான்தான்… ஆமா, கண்ணாடிக் கடைலேருந்துதான் பேசுறேன். இப்போ கொஞ்சம் ஆள் கம்மி, அதான்… இல்ல, உங்க கண்ணாடி இன்னும் ரெடியாகல. ஆனா நானே கூப்பிடுவேன்ல… ஆமா… ஆமா ஆமா, துப்பாக்கி விஷயம்தான். ரெண்டும் வந்துடுச்சுன்னு உங்க கடையிலேருந்து மெசேஜ் வந்துது. குருவி மார்க் ஒண்ணு, நங்கூர மார்க் ஒண்ணு… சரி… ரெண்டும் பாயின்ட் டூ டூ ரைஃபிள்தானே… தெரியும் அத்தான், சும்மா கேட்டுக்கிறேன்.

…பழசுக்கு என்னவா? பழசு செத்துப்போச்சு… அப்படித்தான் சொல்லுவேன். எங்க ரைஃபிள் கிளப் மெக்கானிக் டார்ச் அடிச்சுப் பார்த்தார். தோட்டா உக்கார்ற இடத்துல, விளிம்புல ஒரு பள்ளம். நகத்தை வெச்சா தடுக்குது… இல்ல, துரு இல்ல… கீழ விழவும் இல்ல. அத்தான், நீங்க துப்பாக்கி விக்கிறவர். விளிம்புல அந்த இடத்துல பள்ளம் எப்படி வரும்னு நான் உங்களுக்குச் சொல்லணுமா?

…ம். சொல்லுங்க… ம்… ஆமா. வெறும் துப்பாக்கில விசையை இழுத்தா வரும். உள்ள தோட்டா இல்லன்னா, தோட்டாவை அடிக்க வேண்டிய ஊசி நேரா இரும்பு மேல போய் அடிக்கும். ஒரு தடவை இழுத்தா ஒண்ணும் தெரியாது. தினமும் இழுத்தா… கரெக்ட். யார் அப்படி வேலை கெட்டுப்போய் இழுத்திருப்பான்னுதான் மெக்கானிக்கும் கேட்டார்.

ஒரு நிமிஷம். …சார், உக்காருங்க. அந்த ஃப்ரேம் உங்க மூக்குக்கு அகலம், வேற காட்டுறேன். ரெண்டே நிமிஷம்.

…ஹலோ. ஆமா, இருக்கேன். இப்போ யோசிங்க, யோசிங்க. எனக்கு ஆபரேஷன் ஆகி வீட்டுல கிடந்தப்போ அந்தத் துப்பாக்கி யார்கிட்ட இருந்துது?… அப்பாடா. வாயைத் திறந்து சொல்லிட்டீங்க. உங்க பெண்டாட்டிகிட்டதான். எங்க அக்காகிட்டதான். சும்மா கிடக்குதே, நான் கொஞ்சம் கை பழக்கிக்கிறேன்டின்னு கேட்டா. நானே எண்ணெய் போட்டுத் துடைச்சு உறையில வெச்சுக் குடுத்தேன்.

…அவளுக்குத் தெரியாதா. சரி, தெரியாதுன்னே வெச்சுக்குவோம். அதுவரைக்கும் அவ ஏர் ரைஃபிள்தான் சுட்டா, அதுல வெறுமனே இழுத்தா ஒண்ணும் ஆகாது. உங்களுக்குமா தெரியாது?… அத்தான், எங்க வீட்டுல சாப்பிட உக்காந்தப்போ யார் சொன்னது? 'உங்க அக்கா அலமாரிக் கண்ணாடி முன்னாடி படுத்துக்கிட்டு டிக் டிக்குன்னு இழுக்கிறா, எனக்குத் தூக்கமே போச்சு'ன்னு. எல்லாரும் சிரிச்சோம். நானும்தான் சிரிச்சேன். என் துப்பாக்கி செத்துக்கிட்டு இருந்த கதைக்கு நானே சிரிச்சிருக்கேன்… சுட்டு முடிச்ச காலித் தோட்டாக் கூடு போட்டுத்தான் இழுக்கிறான்னு நினைச்சீங்களா. எழுந்து போய் ஒரு தடவை பார்த்திருக்கலாம்ல… ம்… ம். புரண்டு படுத்துட்டீங்க. சரி.

…இல்ல, கோபம் இல்ல. கோபமெல்லாம் தாண்டியாச்சு. இப்போ எனக்குள்ள இருக்கிறது ரொம்ப அமைதியா இருக்கு. காலைல எழுந்தவுடனே இருக்கு, பல் தேய்க்கிறப்ப இருக்கு. சாப்பாடு நல்லா இறங்குது, தூக்கம் நல்லா வருது. இவ்வளவு தெம்பா நான் இருந்து ரொம்ப நாளாச்சு… ஐயோ அத்தான், அவளையா சுடப்போறேன். இலக்கு அட்டையைத்தான் சுடுவேன். பயப்படாதீங்க, உங்க வியாபாரத்துக்குக் கெட்ட பேர் வராது.

சரி, விஷயத்துக்கு வாங்க. குருவி எப்படி?… ம்… லேசு… ம். தெரியும், அதுல ஊசி விளிம்பு வரைக்கும் போகாது, வெறுமனே இழுத்தாலும் தாங்கும். இழு இழுன்னு இழுத்தாலும் ஒண்ணும் ஆகாது. மன்னிச்சு விட்டுடும்… நங்கூரம்?… ம்… குழல் கனம். வெறுமனே இழுத்தா போச்சு. அக்கா இப்போ வெச்சிருக்கிறது அதுதானே… அதேதானா, அதே மாடல்தானா?… அப்போ அதைப் பத்திப் பேசுவோம்.

…ஏன் குருவி, குருவின்னு அதையே சொல்றீங்க? ஆபரேஷன் ஆன உடம்பு, கனம் தாங்காதுன்னா… ம்… ம். படுத்துச் சுடுறதுக்கு என்ன கனம் அத்தான்? கையா தூக்கப்போகுது, கைல மாட்டுற தோல் வார் தூக்கிக்கும். நான் மூச்சை மெதுவா விடுறவ. லேசான குழல் என் நாடித் துடிப்புக்கே ஆடும். அதில்லாம, குருவியை வெச்சு நான் ஜெயிச்சேன்னு வைங்க, நாளைக்கு என்ன சொல்லுவாங்க? புதுத் துப்பாக்கி ஜெயிச்சுதும்பாங்க. அதே மாடல்ல அவளைத் தோக்கடிச்சா சொல்ல ஒண்ணும் இருக்காது… ஆமா, பிடிவாதம்தான். எங்க வீட்டுல எல்லாருக்கும் இருக்கு. உங்களுக்கு வாய்ச்சது மட்டும் வேற மாதிரின்னு நினைச்சீங்களா.

…போன செலக்‌ஷன் அன்னைக்கு நீங்க வரல. அதனாலதான் விட்டுடு, விட்டுடுன்னு சொல்றீங்க… இல்ல, கேளுங்க. முதல் தோட்டாவே சரியா உள்ள போகல. கட்டை விரலால அழுத்தினேன். போச்சு, ஆனா வெடிக்கல. எடுத்துட்டு அடுத்ததைப் போட்டேன், அது வெடிச்சுட்டு வெளிய வர மாட்டேங்குது. கத்தி முனையால நெம்பி எடுத்தேன். நேரம் ஓடிக்கிட்டே இருக்கு. இப்படியே மல்லுக்கட்டி, கடைசில அவசர அவசரமா சுட்டு, ஒரு குண்டு பக்கத்து அட்டையில போய் விழுந்துது. பக்கத்து லேன்ல படுத்திருந்தது யாரு?… ஆமா. அவ அட்டையிலதான்.

அதுக்கப்புறம் எல்லாரும் என்கிட்ட எவ்வளவு அன்பா இருந்தாங்க தெரியுமா. பயிற்சியாளர் ஒரு டம்ளர் தண்ணி குடுத்தார். அவர் எனக்குத் தண்ணி குடுத்ததே கிடையாது. ஆபரேஷனுக்கு அப்புறம் அவளுக்கு நடுக்கம் வந்துடுச்சுன்னு ஒருத்தி இன்னொருத்திகிட்ட மெதுவா சொல்றா, எனக்குக் கேக்காதுன்னு நினைச்சு. டீம்ல இருந்தது ஒரே இடம். அது அக்காவுக்குப் போச்சு. அவ வந்து என் முதுகைத் தடவிக்குடுத்து, 'பரவால்லடி, உடம்பு முக்கியம்'னா. அந்தக் கை இன்னும் முதுகுல அப்படியே இருக்கு அத்தான். குளிச்சாலும் போகல… அம்மாவா? அம்மா சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும், சின்னவ இனிமே வீட்டோட இருந்தா போதும்னு சொல்லிட்டு இருக்காங்க.

நானும் அதை நம்பினேன், அதுதான் கேவலம். நடுக்கம் இருக்கான்னு தினம் என் கையை நானே பார்ப்பேன். இங்க உக்காந்து ஊசில நூல் கோத்துக் கோத்துப் பார்த்திருக்கேன். இல்லாத நோயைத் தேடித் தேடி…

சார், அந்தக் கறுப்பு நல்லா இருக்கு. கழுத்தைத் திருப்பாம கண்ணாடில நேரா பாருங்க. வந்துடுறேன்.

…ஹலோ. அத்தான், ஏன் உங்க குரல் கிணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி இருக்கு?… ஸ்பீக்கர்ல போட்டிருக்கீங்களா?… எப்போலேருந்து?… கைல எண்ணெயா? ரொம்ப வசதியாப் போச்சு. பக்கத்துல யாரு… யாரு இருக்காங்கன்னு கேட்டேன்.

…ம்.

…சரி. அவளா பேச மாட்டா. நானே பேசுறேன்.

அக்கா. எவ்வளவு கேட்ட?… எல்லாமேவா. நல்லது, எனக்கு ரெண்டாவது தடவை சொல்ற வேலை மிச்சம்… அழாத. கடைல ஆள் இருக்காங்களா? இல்லன்னா அழுதுக்கோ… ம்… ம்… தெரியாம பண்ணிட்டேன்னு சொல்றியா. அதை நான் ஒத்துக்கிறேன். தெரியாமத்தான் இழுத்த. நான் கேக்குறது வேற. உனக்கு எப்போ தெரிஞ்சுது?

…எப்போ தெரிஞ்சுதுன்னு கேக்குறேன்.

…நங்கூரம் வாங்கினப்போ அத்தான் சொன்னாரா, வெறுமனே இழுக்காதேன்னு… ம். அது செலக்‌ஷனுக்கு முன்னாடியா, பின்னாடியா?… முன்னாடியா.

…அப்போ என் தோட்டா உள்ள போகாம மல்லுக்கட்டினப்போ, பக்கத்துல படுத்துக்கிட்டு உனக்குத் தெரியும். ஏன்னு உனக்குத் தெரியும்… இல்ல, நீ சொல்லு. ஆமாவா இல்லையா.

…

சரி. ரொம்ப நன்றி. இந்த ஒரு 'ஆமா'வுக்குத்தான் எவ்வளவு நாள் ஆயிடுச்சு. கையைத் தூக்கி, நடுவரே, அவ துப்பாக்கில கோளாறுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற துப்பாக்கி குடுத்திருப்பாங்க. கை தூக்க வரல. முதுகைத் தடவ மட்டும் வந்துது.

…என்னது?… கிளப்ல எல்லார் முன்னாடியும் சொல்லப்போறியா? வேணாம். சொன்னா என்ன ஆகும், மறுபடியும் எல்லாரும் எனக்குத் தண்ணி குடுப்பாங்க. ஐயோ பாவம், அக்காவே இப்படிப் பண்ணிட்டாளேன்னு. ஒரு தடவை குடிச்சதே போதும்.

…விலகிக்கிறியா? …என்ன சொன்ன, திரும்பச் சொல்லு… இந்த செலக்‌ஷன்ல நிக்க மாட்டியா? அக்கா, நல்லாக் கேட்டுக்கோ. நீ விலகினா நான் உன்னை ஆயுசுக்கும் விட மாட்டேன். அடுத்த மாசம் நீ வரணும். என் பக்கத்து லேன்லயே படுக்கணும். காய்ச்சல், முதுகு வலி, பொண்ணுக்குப் பரிட்சைன்னு எந்தக் கதையும் வேணாம். நல்லாத் தூங்கி, நல்லாச் சாப்பிட்டு, கை நடுங்காம வரணும். நீ உன்னால முடிஞ்ச அளவு நல்லா சுடணும். அதுக்கு மேல நான் சுடணும். எழுந்து நிக்கிறப்ப உன் முதுகுல நான் கை வைக்கணும். இதுக்காகத்தான் நான் தினம் எழுந்திருக்கிறேன். இதையும் பிடுங்கிக்கிட்டுப் போகாத.

…ம்… ம். வர்றியா. சத்தியமா?… சரி.

இன்னொண்ணு. நீயே சொல்லு. ரெண்டும் உன் கண்ணு முன்னாடி மேசைமேலதானே இருக்கு. என் தோள் உனக்குத் தெரியும். கன்னம் துப்பாக்கிக் கட்டைல எங்க படும், எந்த மூச்சுல இழுப்பேன், எல்லாம் என்னை விட உனக்குத் தெரியும், எனக்கு முதல்ல படுக்கக் கத்துக்குடுத்தவ நீ. நான் உன்னை ஜெயிக்க எது சரி? குருவியா, நங்கூரமா? …ஆமா, உன் வாயால கேக்கணும்… யோசி. யோசிச்சே சொல்லு.

…சார், அதேதான், அதையே வெச்சுக்குங்க, ரொம்பப் பொருத்தம்.

…ம். குருவியா… ஏன்?… லேசு… தோள்ல உறுத்தாது… ம். சரி. நல்லா யோசிச்சுத்தான் சொல்லியிருக்க.

அத்தானைக் கூப்பிடு. …அத்தான், நங்கூரத்தைக் கட்டுங்க… ஆமா, நங்கூரம்தான்… சண்டைக்கில்ல. அவ குருவின்னு சொன்னாள்ல, அதனாலதான். அவ சொன்னதை ஒரு தடவை நம்பினேன், போதும்… என்ன?… பெட்டிலேருந்து எடுத்தாச்சா? எதை?… நங்கூரத்தையா? யார் எடுத்தா?… எப்போ?

…நான் இன்னும் கேக்கவே இல்லையே அப்போ.

…கன்னம் படுற கட்டையைக் கூட இறக்கி வெச்சுட்டாளா. என் உயரத்துக்கா?… அதெல்லாம் செஞ்சு வெச்சுட்டு என்கிட்ட குருவின்னு சொன்னாளா? அவ சொல்றதுக்கு எதிராத்தான் எடுப்பேன்னு தெரிஞ்சேவா?

…

ஃபோனை அவகிட்ட குடுங்க… வேணாம். இருங்க. குடுக்காதீங்க.

…இல்ல அத்தான், நான் நல்லாத்தான் இருக்கேன். மாத்தல. அதையேதான் கட்டுங்க. எனக்கு அதுதான் சரி, எனக்கே தெரியும். அவ இறக்கி வெச்ச கட்டையையும் அப்படியே விட்டுடுங்க, தொடாதீங்க.

…அவகிட்ட என்ன சொல்லணும்? ஒண்ணும் சொல்ல வேணாம்… இல்ல, சொல்லுங்க. இதுக்காகவெல்லாம் நான் ஒரு புள்ளி கூடக் குறைச்சுச் சுட மாட்டேன்னு சொல்லுங்க… அவளும் குறைக்கக்கூடாது, ஆமா, அதையும் சொல்லுங்க… என்ன செய்றா இப்போ?… நங்கூரத்தைத் துடைச்சுக்கிட்டே இருக்காளா.

…துடைக்கட்டும். சாயங்காலம் நானே வந்து வாங்கிக்கிறேன். அவளைக் கடையிலேயே இருக்கச் சொல்லுங்க. வெக்கிறேன்.