முடிச்சு மேலே

காலை அவசரத்தில் சில நாள் நான் பனியனைத் திருப்பிப் போட்டுக்கொள்வேன். தையலெல்லாம் வெளியே தெரியும். மேலே சட்டையை மாட்டிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? நீங்களும் என்றைக்காவது போட்டிருப்பீர்கள், இன்ஸ்பெக்டர். சிரிக்கலாம், தப்பில்லை. ஆனால் இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் உங்களுக்குத் தலையும் புரியாது, காலும் புரியாது.

நான் வந்தது அந்த சிஸ்டருக்காக. ஆபரேஷன் தியேட்டரில் எனக்குக் கருவிகளை எடுத்துக் கொடுத்த நர்ஸ். செய்யாத தப்புக்கு வேலையை இழந்து வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. டீ வேண்டாம், தண்ணீர் போதும்.

இறந்துபோனவர் என் சகலை, மனைவியுடைய தங்கையின் கணவர். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வைத்திருந்தார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பேசிப் பேசி அவருக்கு வாய் ஓயாது. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் அவருடைய சிரிப்புதான் நுழையும். ஒரு விடுமுறைக்கு நாங்கள் எல்லோரும் மாமனார் வீட்டில் தங்கியிருந்தோம். காலையில் நான் வெறும் பனியனோடு மாடியிலிருந்து இறங்கி வந்தேன். சாப்பாட்டு மேசையில் குடும்பமே உட்கார்ந்திருந்தது. சகலை என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஊரு பூரா வயித்தைத் தைக்கிறவரு, தன் பனியன்ல உள்பக்கம் எது, வெளிப்பக்கம் எதுன்னு தெரியாம வர்றாரு பாருங்க."

மாமனாருக்குப் புரையேறிவிட்டது. குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தன. என் மனைவி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். என்னோடு இருந்த இத்தனை வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் நான் டாக்டர் இல்லை, தையல்காரர். சகலை போன் செய்தால்கூட, "தையல்காரர் வீட்ல இருக்காரா?" என்றுதான் கேட்பார். நானும் சேர்ந்து சிரித்து வைத்தேன். சிரிக்காவிட்டால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறான் என்பார்கள். அவரை நான் வெறுத்தேன். இதை நாசூக்காகச் சொல்ல எனக்கு வரவில்லை. பல் தேய்க்கும்போதுகூட வெறுத்தேன்.

பிறகு அவருக்குத் தொப்புளில் ஹெர்னியா வந்தது. வயிற்றுச் சுவரில் ஓட்டை விழுந்து, குடல் அதன் வழியாகத் தலை நீட்டும். சாப்பாட்டு மேசையில் சட்டையைத் தூக்கி, "நான் சிரிச்சா இதுவும் எட்டிப் பாத்துச் சிரிக்குது" என்று எல்லோருக்கும் காட்டினார். வீட்டிலேயே சர்ஜன் இருக்கும்போது வெளியாளிடம் ஏன் போக வேண்டும் என்றாள் என் மனைவி. நான் சரி என்றேன்.

வயிற்றில் சிறு துளைகள் போட்டு, கேமராவை உள்ளே விட்டுத் திரையில் பார்த்தபடி, அந்த ஓட்டையை உள்ளிருந்து ஒரு வலை வைத்து மூடுவோம். உள்ளங்கை அகலத்தில் மெல்லிய செயற்கை வலை. அதற்கு இரண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கம் சொரசொரப்பு. அது மேலே வயிற்றுச் சுவரைப் பார்க்க வேண்டும், சதை அதற்குள் வளர்ந்து பிடித்துக்கொள்ளும். மறுபக்கம் வழவழப்பு, அது குடலைப் பார்க்க வேண்டும், அப்போதுதான் குடல் ஒட்டாது. மாற்றி வைத்தால் அன்றைக்கே ஒன்றும் ஆகாது. குடல் மெல்ல மெல்லச் சொரசொரப்பில் ஒட்டி, வலையோடு ஒன்றாகிவிடும்.

இந்தக் குழப்பம் வரக் கூடாது என்று எங்கள் தியேட்டரில் ஒரு பழக்கம் வைத்திருந்தோம். சிஸ்டர் தடவிப் பார்த்து, சொரசொரப்புப் பக்கத்தின் நடுவில் ஒரு நீல நூலை முடிச்சுப் போடுவாள். வலையை உள்ளே விட்டு விரித்ததும் திரையைப் பார்த்து "முடிச்சு மேலே" என்பாள். நானும் பார்த்து "மேலே" என்பேன். அதன் பிறகுதான் பொருத்துவேன்.

சகலை ஆபரேஷன் மேசையில் படுத்து, மயக்க ஊசிக்குக் கையை நீட்டியபடி சொன்னார்: "தையல்காரரே, பாத்து. உள்பக்கத்தை வெளிப்பக்கமா வெச்சுடாதீங்க."

தியேட்டரே சிரித்தது. மயக்க மருந்து டாக்டர், "அது என்ன கதை?" என்று கேட்டார். சகலை பனியன் கதையை முழுக்கச் சொல்லி முடித்துவிட்டுத்தான் தூங்கினார். முகமூடிக்கு மேலே சிஸ்டரின் கண்களும் சிரித்ததைப் பார்த்தேன். அதுவரை என் மனதில் ஒன்றும் இல்லை. யோசனையைக் கொடுத்தது அவர்தான். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

நடுவில் கேமரா முனையில் ஆவி படிந்தது. அதை வெந்நீரில் முக்கித் துடைக்க சிஸ்டர் திரும்பினாள். ஓரங்களில் பிடிப்புத் தையல் போடுவதற்காக நான் வாங்கிய வலை என் கையில் இருந்தது. நீல நூலை வெட்டி எடுத்துவிட்டு, வழவழப்புப் பக்கத்தில் இன்னொன்று போட்டேன். வலையைச் சுருட்டி உள்ளே விட்டு விரித்தேன்.

"முடிச்சு மேலே" என்றாள் சிஸ்டர்.

"மேலே" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. முடிச்சு மேலேதான் இருந்தது. பிடிப்புகளை ஒழுங்காக, இடைவெளி பிசகாமல் போட்டேன். அவ்வளவு சுத்தமான வேலை எனக்கே அபூர்வமாகத்தான் அமையும்.

கொஞ்ச நாளில் வயிறு இழுத்துப் பிடிக்கிறது என்று வந்தார். "வாயுதான் சகலை, நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்று அனுப்பினேன். மறுபடி வந்தார். மறுபடியும் வாயு. அவருக்குச் சிரித்தால்தான் அதிகமாக இழுத்தது. ஏதோ சொல்ல வாயைத் திறப்பார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூடிவிடுவார். அந்த மாதங்களில் குடும்பச் சாப்பாட்டு மேசை அமைதியாக இருந்தது. நான் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மனைவியின் தங்கை ஒரு நாள் என் அறைக்கு வந்து அழுதாள். "அத்தான், ராத்திரி பூரா சுருண்டு படுத்துக்கிறாரு. வேற யாரையாவது பாக்கலாம்னா கேக்க மாட்டேங்கிறாரு. தையல்காரர் பாத்துக்குவாருன்னே சொல்றாரு. ஏதாவது பண்ணுங்க."

"பயப்படாதம்மா, சரியாயிடும்" என்றேன்.

அவர் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அந்தச் சிரிப்பு அடங்கினால் போதும் என்று இருந்தேன். எந்த நாளிலும் வயிற்றைத் திறந்து நான் சரிசெய்திருக்க முடியும். அதற்கு அவர் ஒரே ஒரு முறை, பேச்சுக்காவது, என்னை டாக்டர் என்று கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. அது அவருடைய பிடிவாதம்.

நான் வெளியூர் போயிருந்தபோது அவருக்குக் காய்ச்சல் ஏறி, தொப்புள் வழியாகச் சீழ் கசிய ஆரம்பித்திருக்கிறது. வேறொரு மருத்துவமனையில் ஓர் இளம் சர்ஜன் திறந்து பார்த்தான். குடல் வலையோடு ஒட்டி, ஓட்டை விழுந்து, விஷம் வயிறெல்லாம் பரவியிருந்தது. நான் போய்ப் பார்த்தேன். ஆள் பாதியாகிவிட்டிருந்தார். விரலை அசைத்துப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"இந்தப் பையன் உங்க மேல ஏதோ சொல்றான். நான் நம்பல" என்றார், ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கிக்கொண்டு. "நம்ம தையல்காரர் பனியனைத் திருப்பிப் போடுவாரு. வயித்துல தப்பு பண்ண மாட்டாருன்னு சொல்லிட்டேன்."

சாகக் கிடக்கும்போதும் பனியன். நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் போய்விட்டார்.

டாக்டர்கள் குழு ஒன்று விசாரித்தது. எடுத்த வலையின் படத்தைக் காட்டி அந்த இளம் சர்ஜன் சொன்னான்: "நீல முடிச்சு வழவழப்புப் பக்கம் இருக்கு. சிஸ்டர் மாத்திக் கட்டியிருக்காங்க. சாரும் கவனிக்கல."

"தடவிப் பாத்துத்தான் கட்டினேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. சார், நீங்களாவது சொல்லுங்க சார்" என்று சிஸ்டர் என் முகத்தையே பார்த்தாள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு வேலை போனது. எனக்குக் கவனக்குறைவு என்று ஓர் எச்சரிக்கை. அதோடு எல்லாம் முடிந்திருக்கும்.

நேற்று நான் குளித்துவிட்டு வந்தபோது என் மனைவி கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். என் பனியன் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"அவரு விளையாட்டுக்குச் சொன்னது கடைசில நிஜமாயிடுச்சே" என்றாள். "உங்களுக்கு உள்பக்கமும் தெரியல, வெளிப்பக்கமும் தெரியல."

அவளுக்கு அங்கேயே பதில் சொல்லியிருப்பேன். நம்பியிருக்க மாட்டாள். போலீஸ் முத்திரையோடு ஒரு காகிதம் இங்கிருந்து போனால் நம்புவாள். ஆகவே முதலில் கவனக்குறைவு என்ற அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள். கொலை என்று எழுதுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. எந்தப் பக்கம் எது என்று எனக்கு நன்றாகத் தெரியும், தெரிந்தேதான் மாற்றி வைத்தேன் என்று தெளிவாக எழுதி, என் மனைவிக்கு ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள். சிஸ்டரைப் பற்றி, கடைசியில் இடமிருந்தால், ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்.