தோல்வாரில் இழுக்காத கத்தி

மழுங்கிய கத்திதான் ஆளை வெட்டும். நன்றாகத் தீட்டிய கத்தி வெட்டாது. பிளேடு பூட்டிச் சவரம் எடுப்பவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள், அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தேநீரைக் குடியுங்கள் பிள்ளை, ஆறிவிடும்.

நீங்கள் வந்த காரணம் எனக்குத் தெரியும். நீங்கள் சிவானந்தனுடைய சட்டத்தரணி. அவன் எட்டு மாதமாக ரிமாண்டில் இருக்கிறான். அவனுடைய இடது தாடையில் இருந்த காயம் கொழும்புக் கோட்டையில் வெடித்த குண்டால் பட்டதா, அல்லது என் வீட்டுச் சவரக்கத்தியால் பட்டதா என்பதுதான் உங்கள் கேள்வி. கத்தியால்தான் என்று நான் நீதிமன்றத்தில் சொன்னால் அவனை விட்டுவிடுவார்கள் என்கிறீர்கள். நல்லது. பத்மா கோயிலுக்குப் போயிருக்கிறாள், வர நேரமாகும். ஆறுதலாகக் கதைப்போம்.

நான் அரசாங்கத்தில் படவரைஞராக இருந்தவன். மயிரிழைக் கோடு போட்டே ஓய்வூதியத்துக்கு வந்தேன். எனக்கு மேலே இருந்த ஹியூபேட் என்ற பறங்கியர் அவுஸ்திரேலியாவுக்குப் போகும்போது இரண்டு சவரக்கத்திகளையும் இரண்டு தீட்டுக்கற்களையும் எனக்குத் தந்துவிட்டுப் போனார். சாம்பல் நிறக் கல் கரடு. மஞ்சள் கல், கையால் தடவினால் கல்லென்றே தெரியாது. கத்தியைப் படுக்கப் போட்டு, முதுகும் வாயும் ஒன்றாகக் கல்லில் படும்படி தண்ணீர் விட்டுத் தள்ளவேண்டும். முதுகு கொஞ்சம் எழும்பினாலும் வாய் கெட்டுப்போகும். கடைசியில் தோல்வாரில் இழுத்தால்தான் வாயில் நிற்கிற பிசிர் போகும். அவசரப்படுகிறவனுக்கு இந்த வேலை சரிவராது.

இந்த ஒழுங்கையில் எங்களுக்கு முன்வீட்டில் இருக்கிற ராசிக் காலி வீதியில் துணிக்கடை வைத்திருப்பவர். வெள்ளிக்கிழமைகளில் தாடியின் ஓரத்தை என் கத்தியால்தான் திருத்துவார். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "ரத்தினம் அண்ணன்ட கத்தியில இந்த ஒழுங்கையில யாருக்கும் ஒரு கீறல் பட்டதில்ல," என்று சொல்லிக்கொண்டிருப்பார். நான் கேட்டு அவர் சொன்னதல்ல. ஆனால் உண்மை.

சிவானந்தன் எங்கள் முன்னறைக்கு வாடகைக்கு வந்தவன். புறக்கோட்டையில் ஒரு கொம்பனியில் கணக்கு எழுதினான். வந்த நாளிலிருந்து எனக்கு அவன் மேல் ஒரு சந்தேகம். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பான். கதவைச் சத்தம் வராமல் சாத்துவான். நான் உள்ளே வந்தால் எழும்பி நிற்பான். ஒளிக்க ஒன்றும் இல்லாத இளந்தாரி ஈரத் துவாயைக் கதிரையில் போட்டுவிட்டுப் போவான், பாட்டுக் கேட்பான், பிந்தி எழும்புவான். இவன் அப்படி ஒன்றும் செய்யவில்லை. அந்த நாளில் வெள்ளவத்தையில் வீடு வைத்திருந்த ஒவ்வொருவருக்கும் இந்தப் பயம் இருந்தது. யாரை வைத்திருக்கிறோம், நாளைக்கு யார் வந்து கதவைத் தட்டுவார்கள் என்று தெரியாது. ஒருநாள் அவன் வேலைக்குப் போன பிறகு அவனுடைய பெட்டியைத் திறந்து பார்த்தேன். நான்கு சேட்டு, தாயின் படம், ஆங்கிலம் படிக்கிற புத்தகம். வேறு ஒன்றும் இல்லை. அதுதான் எனக்குக் கூடுதலான பயத்தைத் தந்தது.

அவனுக்கும் நான்தான் கத்தி கொடுத்தேன். பிளேடு பட்டு முகமெல்லாம் பருப்பருவாக இருந்தது. பார்க்கச் சகிக்காமல் ஒருநாள் ஹியூபேட்டின் கத்திகளில் ஒன்றைத் தீட்டிக் கொடுத்தேன். பிறகு தினமும் காலையில் வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்க் குழாயடியில் வைத்துவிடுவேன். அவன் எடுத்து, கத்தியின் வாயைக்கூடப் பார்க்காமல் கன்னத்தில் வைப்பான். அப்படி நம்பினான். அவன் சவரம் எடுக்கிற விதம் எனக்குப் பாடம். வலது பக்கம் மெதுவாக வருவான். இடது தாடைக்கு வந்ததும் கத்தியின் நுனிப் பக்கத்தால் ஒரே இழுவை.

பத்மாவுக்கு முப்பத்து நாலு வயது. தாய் போன பிறகு இந்த வீட்டை அவள்தான் பார்க்கிறாள். பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு ஐந்து மணிக்கு வருவாள், தேநீர் போடுவாள், நாங்கள் இரண்டு பேரும் முன்னால் இருந்து குடிப்போம். கலியாணம் பேசாமல் விட்டேன் என்று உறவினர் சொல்வார்கள். பேசினேன். வந்த ஒவ்வொன்றிலும் ஒரு குறை இருந்தது. ஒருவன் மிக உயரம். ஒருவனுடைய தாய் அதிகம் கதைத்தாள். ஒருவன் மட்டக்களப்பில் வேலை பார்த்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சிவானந்தன் என் முன்னால் வந்து நின்றான். பத்மா கதவடியில் நின்றாள்.

"அங்கிள், நானும் பத்மாவும் கலியாணம் செய்ய யோசிச்சிருக்கிறம். லண்டனிலை அண்ணை இருக்கிறார். விசா சரிவந்தால் அங்கை போயிடுவம்."

"நல்லது தம்பி," என்றேன்.

"ஆறு மாதத்துக்குள்ளை உங்களையும் எடுப்பம். நீங்கள் தனிய இருக்கவேண்டி வராது."

அவன் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் எல்லோரும் போகும்போது நினைக்கிறார்கள். இந்த ஒழுங்கையிலேயே எத்தனை தாய் தகப்பன் அந்த ஆறு மாதத்தை எதிர்பார்த்துக் கண்மூடினார்கள் என்று எனக்குத் தெரியும். பத்மா அன்று சிரித்தாள். தாய் போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. எனக்கு நெஞ்சு எரிந்தது என்று வெளிப்படையாகவே சொல்கிறேன். அப்போது அதைச் சந்தேகம் என்றுதான் நினைத்தேன். யாரென்றே தெரியாத ஒருவனோடு பிள்ளையை எப்படி அனுப்புவது?

பிறகு கோட்டையில் குண்டு வெடித்தது. அதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அன்று மாலை நாங்கள் மூவரும் வானொலிக்குப் பக்கத்தில் இருந்தோம். வெடித்த இடத்திலிருந்து ஆட்கள் காயத்தோடு தப்பியிருக்கிறார்கள், முகத்திலோ கையிலோ புதுக்காயம் உள்ள எவரையும் கண்டால் அறிவிக்கவேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அடுத்த நாள் காலையில் சிவானந்தனுக்கு விசாவுக்கான நேர்முகம்.

பத்மா என்னிடம் வந்தாள். "அப்பா, நாளைக்குப் போகவேண்டாம் எண்டு சொல்லுங்கோ. நீங்கள் சொன்னால் கேப்பார்."

"நாள் தவறினால் பிறகு எப்ப குடுப்பாங்களோ," என்றேன். "வடிவாச் சவரம் எடுத்து, கழுத்திலை ரை கட்டிக்கொண்டு போகட்டும். துப்பரவா இருக்கிறவனை ஆர் மறிக்கப் போறான்?"

காலையில் அவள் நேர்முகம் சரிவரவேண்டும் என்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போய்விட்டாள். அவன் குழாயடியில் சவரம் எடுத்தான். நான் உள்ளே பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். சற்று நேரத்தில் பேப்பர்த் துண்டொன்றைத் தாடையில் அழுத்திப் பிடித்தபடி வந்தான்.

"கத்தி கொஞ்சம் பட்டிட்டுது, அங்கிள்."

"கை நடுங்கியிருக்கும் தம்பி. இதுக்கெல்லாம் பயப்பிடுறதோ? பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு போம்."

நானே ஒட்டிவிட்டேன். அவன் என்னிடம் நன்றி சொல்லிவிட்டுத்தான் போனான். காலி வீதிச் சோதனைச் சாவடியில் பிளாஸ்டரை உரித்துப் பார்த்திருக்கிறார்கள்.

பிற்பகல் ஜீப் வந்தது. அவன் இன்னும் திரும்பவில்லை என்று விசாரிக்கப் பத்மா அவன் வேலை செய்த இடத்துக்குப் போயிருந்தாள். வந்த இன்ஸ்பெக்டர் கெட்டவரல்ல, அதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம். சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். சிவானந்தன் ஜீப்புக்குள் இருந்தான், யன்னலூடாக என்னைப் பார்த்தபடி. இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் மரியாதையாகக் கேட்டார்: இந்தப் பையன் உங்கள் வீட்டுக் கத்தியால் வெட்டுப்பட்டதாகச் சொல்கிறான், அப்படியென்றால் இங்கேயே இறக்கிவிட்டுப் போகிறேன், எனக்கும் வேலை குறையும்.

நான் கத்தியை எடுத்துக் கொடுத்தேன். அவர் தன் முழங்கையின் கீழே மெல்ல வைத்து இழுத்தார். மயிர் சத்தமில்லாமல் விழுந்தது. தோலில் ஒன்றும் இல்லை. அவர் திரும்பவும் இழுத்துப் பார்த்தார்.

ராசிக் சத்தம் கேட்டு வந்து வாசலில் நின்றார். அந்த மனிதர் உதவி செய்வதாக நினைத்து, "சேர், இது நல்ல வீடு. இவர்ட கத்தியில ஒரு நாளும் யாருக்கும் வெட்டினதில்ல," என்று சிங்களத்தில் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். "மஹத்தயா என்ன சொல்கிறீர்கள்?"

"இந்தக் கத்தி யாரையும் வெட்டாது, சேர். நீங்களே பார்த்தீர்கள்."

ஜீப் போய்விட்டது. நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை என்பதைக் கவனியுங்கள். அவர் கையில் வைத்துப் பார்த்த கத்தி யாரையும் வெட்டாது. ஏனென்றால் சிவானந்தன் படலையைத் தாண்டிய உடனேயே நான் மஞ்சள் கல்லை நனைத்தேன். மத்தியானம் வரை இருந்து தீட்டினேன், தோல்வாரில் இழுத்தேன். என் ஆயுளில் நான் தீட்டிய கத்திகளில் அதுதான் திறமானது.

போன கிழமை பத்மா என் காலடியில் வந்து இருந்தாள். எட்டு மாதமாக ஒவ்வொரு கிழமையும் சாப்பாட்டுப் பார்சலோடு அவனைப் பார்த்துவிட்டு வருகிறாள். முதல்நாள் மாலை அவன் முகத்தில் காயம் இருக்கவில்லை என்று அவள் சொன்னதை, கட்டப்போகிறவள் சொல்கிற சாட்சி என்று ஒருவரும் எடுக்கவில்லை. மெலிந்து போனாள். அழுகிறதை விட்டுவிட்டாள். இப்போதெல்லாம் மாலையில் என்னோடு முன்னால் இருக்கிறாள், நான் தேநீர் கேட்டால் போடுகிறாள். அமைதியாகத்தான் இருக்கிறாள்.

"அப்பா, ஒருக்காப் பிழைச்சுப் போச்சுது எண்டு சொல்லுங்கோ," என்றாள். "அண்டைக்குக் கத்தியைச் சரியாத் தீட்டேல்லை, கவனமில்லாமல் விட்டிட்டன் எண்டு சொன்னால் காணும். உங்களை ஒருத்தரும் குறையா நினைக்கமாட்டினம். உங்கடை ரோசத்துக்கு ஒரு உயிரை உள்ளை வைச்சிருக்கிறியள்."

நீங்களும் இன்று அதையேதான் சொல்கிறீர்கள். கவனக்குறைவு என்று ஒரு சொல், அதற்குமேல் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள் என்கிறீர்கள். நீங்கள் இருவரும் நல்ல மனம் உள்ளவர்கள். அதனால்தான் உங்களுக்கு முழுவதையும் சொல்கிறேன்.

அன்று விடிகாலை, பத்மா குளித்துக்கொண்டிருந்தபோது, நான் சாம்பல் கல்லை எடுத்தேன். கத்தியின் முதுகைத் தூக்கி, வாயை மட்டும் கல்லில் நிறுத்தி இழுத்தேன். முழுவதும் அல்ல. முழுவதும் கெடுத்தால் வலது கன்னத்திலேயே அவனுக்குத் தெரிந்துவிடும். நுனிப் பக்கத்தில், அவன் இடது தாடையில் வைத்து இழுக்கிற அந்த இடத்தில் மட்டும். நகத்தில் வைத்துப் பார்த்தேன், வேண்டிய அளவு பிசிர் நின்றது. ஆழமாக வெட்டக் கூடாது, வைத்தியரிடம் போனால் அவர் கத்திக் காயம் என்று எழுதிக் கொடுத்துவிடுவார். மேலாகக் கிழியவேண்டும், கண்ணாடித் துண்டு பட்டது போல. தோல்வாரில் இழுக்கவில்லை. குழாயடியில் வழமையான இடத்தில் வைத்துவிட்டுப் பேப்பரை எடுத்தேன்.

இதை நான் நீதிமன்றத்தில் சொல்லமாட்டேன். நீங்கள் போய்ச் சொன்னாலும் நான் இல்லையென்பேன், ராசிக்கைக் கேளுங்கள் என்பேன். அவன் வெளியே வந்தால் அடுத்த விமானத்தில் இரண்டு பேரும் போய்விடுவார்கள். பத்மாவுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது, சின்ன வயதிலிருந்தே மூச்சு இழுப்பு. அவளை அங்கே யார் பார்ப்பது? தகப்பன் என்று ஒருவன் இருந்து என்ன பயன்?

சிவானந்தன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் இருக்கிற இடத்தில் சாப்பாடு கொடுக்கிறார்கள்தானே. மனதை அறுக்கிற விஷயம் ஒன்றே ஒன்றுதான் பிள்ளை, அதை யாரிடமும் சொல்ல முடியாமல் இருந்தேன். நான் பெற்ற மகள், என்னோடு ஒரே வீட்டில் இருந்து என் கையைப் பார்த்து வளர்ந்தவள், என்னைப் போய்க் கவனமில்லாமல் கத்தி தீட்டுகிறவன் என்று நினைக்கிறாள்.