இழுப்பறையில் பூட்டிய அறிக்கை

அவையை ஆளும் கல்லூரி முதல்வர் அவர்களே! கண்ணுக்குத் தெரியாததைக் கண்டு சொல்லும் ஆய்வாளப் பெருமக்களே! பிள்ளைகளைப் பல் துலக்க வைத்தே பாதிப் பொறுமையை இழந்த தாய்மார்களே! பரிசு பெற வந்திருக்கும் என் தங்கையே! அனைவருக்கும் வணக்கம்.

தங்கையை வாழ்த்திப் பரிசு கொடுக்கத்தான் என்னை அழைத்தீர்கள். வாழ்த்துகிறேன். அதற்குமுன் ஓர் உண்மை. இவள்மேல் எனக்குப் பொறாமை! சாதாரணப் பொறாமையா? சோறு இறங்காத வயிற்றெரிச்சல்! முன்வரிசையில் ஏன் சிரிப்பு? உங்கள் வீட்டில் தங்கை இல்லையா?

நான் இருபது ஆண்டுகளாகப் பற்களுக்குக் கம்பி கட்டுபவள். “ரெண்டு வேளை இந்த மருந்தக் கொப்பளிங்க, கிருமியே இருக்காது” என்று வந்தவர்க்கெல்லாம் வாக்குக் கொடுத்தவள். இவளோ கிருமிகளை ஆராய்பவள். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொன்னாள்: “அக்கா, மருந்து மேலாப்புல இருக்கறதத்தான் கொல்லுது. கம்பி இடுக்குல படலமா ஒட்டிக்கிட்டது அடியில உயிரோடதான் இருக்கு. நல்லா தேச்சுட்டுக் கொப்பளிச்சாத்தான் பலன்.”

அப்பா பூரித்துப்போனார். என்னைப் பார்த்து, “கேட்டுக்கம்மா” என்றார். கேட்டுக்கொள்ள வேண்டுமாம்! யார்? நான்!

அவள் வாயை அடைக்கத் துடித்தேன். என்னிடம் ஒரு கணக்கு டீச்சர் கம்பி போட்டிருந்தார். ஒருவேளைகூடக் கொப்பளிக்கத் தவறாதவர். அவர் பல்லிலிருந்து ஒரு கம்பித் துண்டைக் கழற்றி மாற்றியபோது, பழையதை இவளிடம் அனுப்பினேன். “இதுல ஒரு கிருமியக் காட்டு பாக்கலாம்!”

மூன்றாம் நாள், சாயமேற்றி எடுத்த படத்தோடு அறிக்கை வந்தது. செத்த கிருமி சிவப்பு, உயிருள்ளது பச்சை. மேலே மெல்லிய சிவப்பு. அடியில் எல்லாம் பச்சைப் பசேல்!

படித்தேன். இழுப்பறையில் போட்டேன். பூட்டினேன். “பாத்தியாக்கா?” என்று கேட்டாள். “எங்க நேரம்?” என்றேன். டீச்சரிடம் சொன்னேனா? சொல்லவில்லை. வந்தவர்களுக்குச் சொல்வதை மாற்றினேனா? மாற்றவில்லை. ஒரு மாதமல்ல, ஐந்து மாதம்!

பிறகொரு நாள் டீச்சர் பரிசோதனைக்கு வந்து வாயைத் திறந்தார். கம்பியைச் சுற்றிச் சுண்ணாம்பாய் வெள்ளைத் திட்டுகள். பல் அரிக்கத் தொடங்கியிருந்தது.

“நீங்க சொன்னத நான் ஒருநாளும் விட்டதில்லையே, டாக்டர்?”

குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். பூட்டைத் திறந்து அறிக்கையை அவர் கையில் கொடுத்தேன். “இது அஞ்சு மாசமா எங்கிட்ட இருக்கு, டீச்சர். தப்பு என்னோடது.”

இருமுறை படித்தார். “இத எழுதினவங்கள நான் பாக்கணும்” என்றார்.

அழைத்துப் போனேன். கம்பி இடுக்கில் நுழையும் சின்ன பிரஷ்ஷை எப்படிப் பிடிப்பதென்று, என் நோயாளிக்கு, என் கண்ணெதிரே, இவள் சொல்லிக்கொடுத்தாள்! திட்டுகள் அதற்குமேல் பரவவில்லை. டீச்சர் மட்டும் என்னிடம் திரும்பவில்லை. வேறு மருத்துவரிடம் போய்விட்டார். அறிக்கையை அவர் கையில் கொடுத்த மறுநாளே மற்ற நோயாளிகள் அத்தனை பேரையும் ஒவ்வொருவராக அழைத்து, நான் சொன்னது தவறென்று நானே சொன்னேன்.

தாய்மார்களே! மருந்து வீணா? வீணல்ல! துலக்கிய பல்லுக்கு அது துணை. துலக்காத பல்லுக்கு அது வெறும் வாசனை! தேய்க்காமல் படலம் போகுமா? போகாது! மருத்துவர் மறைத்தால் உண்மை மாறுமா? மாறாது! நோயாளியின் பல்தான் போகும்!

பொறாமை தீர்ந்ததா என்கிறீர்களா? தீரவில்லை. இந்தக் கேடயத்தை இவளிடம் நீட்ட இப்போதும் கை வரவில்லை. ஆனாலும் நீட்டுகிறேன். வா தங்கையே, வாங்கிக்கொள்!

குற்றத்தைச் சொல்லவும் மேடை தந்த உங்களுக்கு நன்றி. வணங்கி விடைபெறுகிறேன்.