கையில் இருந்த இதயம்

நெரியோ: பஸ் வந்துருச்சு, ஏறு இட்செல். இன்னும் கையையே பாத்துட்டு நிக்கிற…

இட்செல்: கையுறை போட்டுத்தான் தொட்டேன். ஆனாலும் அந்தக் கனம் போகலடா.

நெரியோ: கனமா? ஒரு மாம்பழம் அளவுதானே இருந்துச்சு.

இட்செல்: வாயைக் கழுவு! தானமா வந்த மனுஷ இதயத்தைப் போயி…

நெரியோ: கிண்டல் இல்லடி. அத்தனூண்டு சதை, ஒரு ஆளை எழுபது வயசு வரைக்கும் நடமாட விட்டிருக்கு! நம்ம வகுப்புல அந்த டெல்ஃபினா இருக்காங்கல்ல, ரெண்டு பிள்ளை பெத்தவங்க… அவங்களே சிலுவை போட்டுக்கிட்டாங்க.

இட்செல்: அவங்கதான் கேட்டாங்க. "ஹைஸ்கூல் பொண்ணு நீ, கண்ணைக்கூட மூடலையே"ன்னு.

நெரியோ: மூடுன. நான் பாத்தேன்.

இட்செல்: …கொஞ்சம்.

நெரியோ: ஸ்கூல்ல இருந்துக்கிட்டே காலேஜ் வகுப்பும் எடுக்கற நம்ம பொழப்பைப் பாரேன். காலைல காலேஜுல மனுஷ இதயத்தை நம்பிக் கையில குடுக்கறாங்க. மத்தியானம் ஸ்கூலுக்குத் திரும்பினா, ஒண்ணுக்குப் போகவே டீச்சர்கிட்ட சீட்டு வாங்கணும்!

இட்செல்: சிரிக்க வைக்காத… டேய், அந்த ஓட்டையைப் பாத்தியா?

நெரியோ: புரொஃபசர் காட்டுனாரே. மேலறை ரெண்டுக்கும் நடுச் சுவத்துல…

இட்செல்: என் சுண்டுவிரல் நுனி உள்ள போச்சுடா. அந்த ஓட்டையோடவே ஓடி, ஆடி, யாரையாச்சும் காதலிச்சு… அத்தனை வருஷமும் அது நிக்காம அடிச்சிருக்கு.

நெரியோ: அந்த ஓட்டையையே சுத்திச் சுத்தி வர்றியே.

இட்செல்: உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.

நெரியோ: நீ சொல்லு.

இட்செல்: …எனக்கும் இருக்கு. அதே சுவத்துல. அடுத்த வாரம் ஹூஸ்டன் ஆஸ்பத்திரில நெஞ்சைத் திறந்து தைக்கப் போறாங்க. அதுக்கு முன்னாடி, உள்ள என்னதான் இருக்குன்னு ஒரு தடவை பாத்துரணும்… அதுக்குத்தான் இந்த உடற்கூறு வகுப்பையே எடுத்தேன்.

நெரியோ: தெரியும்.

இட்செல்: என்னது!

நெரியோ: கோடை லீவுலயே தெரியும். உங்கம்மா சர்ச்சுல எங்கம்மாகிட்ட சொல்லி அழுதாங்க.

இட்செல்: பாவி! இத்தனை மாசமா ஒரு வார்த்தை…

நெரியோ: நீயா சொல்லட்டும்னு இருந்தேன். பயமா இருக்கா?

இட்செல்: காலைல வரைக்கும் இருந்துச்சு. இப்போ… இப்பேர்ப்பட்ட ஒண்ணு எனக்குள்ளயும் அடிச்சுக்கிட்டு இருக்கான்னு பிரமிப்பாத்தான் இருக்கு. ஆமா… நீ வெல்டிங் வகுப்புக்குத்தானே பேர் குடுத்திருந்த? எப்படி இந்த வகுப்புக்கு வந்த?

நெரியோ: மாத்திக்கிட்டேன். நீ இதயத்தை முதல் தடவை பாக்கறப்ப… தெரிஞ்ச முகம் ஒண்ணாச்சும் இருக்கட்டுமேன்னு.